நெடி வராத மிளகாய்

மெக்சிகோவில் குவாதலஹாராவுக்குக் குடிவந்த மூன்றாவது வாரம், ஒரு சனிக்கிழமை ராத்திரி. சால்சா பண்ணிப் பார்க்கலாம் என்று ஒரு கைப்பிடி சிலே தே ஆர்போல் வாங்கி வைத்திருந்தேன். ‘மர மிளகாய்’ என்று பெயர். சிவப்பாக, ஒல்லியாக, விரல் நீளத்தில், பார்க்க நம் நீட்டு மிளகாய்க்குத் தங்கச்சி மாதிரி இருக்கும். சால்சா என்றால் என்ன பெரிய வித்தை, தக்காளித் தொக்கைக் கொஞ்சம் தண்ணியாக அரைத்தால் சால்சா என்று நினைப்பு. எண்ணெயைக் காயவைத்து மிளகாயை மொத்தமாகக் கொட்டினேன். தாளிப்பில் வற்றல் கருஞ்சிவப்பாகிற வரை நிற்போமே, அந்தப் பழக்கத்தில் கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அரை நிமிஷம் ஆகியிருக்காது, நெடி கிளம்பிவிட்டது. இருமல், தும்மல், கண்ணில் தண்ணீர். ஜன்னலைத் திறந்தால் கீழ்வீட்டிலிருந்தும் இருமல் கேட்கிறது. இரண்டு நிமிஷத்தில் கதவு தட்டப்பட்டது. வீட்டுக்கார சென்யோரா, ஏப்ரன் நுனியால் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்கிறார்.

“என்ன ஹோவன், எதை எரிக்கிறீங்க?”

இங்கே பெயர் தெரியாத இளவட்டத்தை ஹோவன் என்றுதான் கூப்பிடுவார்கள். நம் ‘தம்பி’ மாதிரி. எனக்கு வயது 38, ஆனாலும் மறுக்கவில்லை. அரைகுறை ஸ்பானிஷில் “சால்சா” என்றேன். அவர் நேராக அடுப்படிக்குப் போய், நான் அரைத்து வைத்திருந்ததில் விரலைத் தொட்டு நாக்கில் வைத்தார். “அமார்கா” என்றார். அகராதியே தேவைப்படவில்லை, முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. கசப்பு.

எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமைதோறும் அம்மா காய்ந்த மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போடுவார். நெடி வராவிட்டால் திருஷ்டி பலமாக இருக்கிறது என்று அர்த்தம். அந்தக் கணக்குப்படி பார்த்தால் அன்றைக்கு ஹலிஸ்கோ மாநிலத்தில் ஒருத்தர் கண்ணும் என்மேல் படவில்லை.

மறுநாள் காலை சென்யோராவே ஒரு கிண்ணத்தில் ஆறு குவாஹீயோ மிளகாயோடு மேலே ஏறி வந்தார். வாடகைக்கு விட்ட வீடு கரி பிடித்துவிடுமோ என்ற பயமாகக்கூட இருந்திருக்கலாம். எதுவானாலும் எனக்கு லாபம்.

குவாஹீயோ நீளமாக, வழவழப்பாக, வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே விதை தெரிகிற மாதிரி கருஞ்சிவப்புக் கண்ணாடித் தோல் கொண்டது. முதலில் ஈரத்துணியால் ஒவ்வொன்றையும் துடைத்தார். காம்பைக் கிள்ளி, கத்திரிக்கோலால் ஒரு பக்கம் வெட்டி, புத்தகம் மாதிரி விரித்தார். விதையை உதறினார். உள்ளே ஓடுகிற வெளிர்நரம்புகளைச் சுரண்டி எடுத்தார். காரம் விதையில் இருக்கிறது என்று நாம் சொல்லிக்கொள்வோம். உண்மையில் காரத்தைத் தருகிற கேப்சைசின் ஊறுவது அந்த நரம்பில்தான். விதை அதை ஒட்டிக்கொண்டிருப்பதால் கொஞ்சம் பூசிக்கொள்கிறது. நரம்புக்கு அவர்கள் சொல்கிற வார்த்தையும் நரம்புதான், ‘வேனா’.

அப்புறம் கொமால். கொமால் என்றால் தோசைக்கல்லேதான், வேறொன்றும் இல்லை. மிதமான தீ, எண்ணெய் கிடையாது. விரித்த மிளகாயைப் போட்டுத் தட்டைக் கரண்டியால் அழுத்தினார். உஸ் என்று ஒரு சத்தம். மூன்று, நான்கு எண்ணுவதற்குள் திருப்பிவிட்டார். தோலின் உள்பக்கம் செங்கல் நிறத்திலிருந்து புகையிலை நிறத்துக்கு லேசாக மாறியிருந்தது. அந்த நொடியில் ஒரு வாசனை வந்தது பாருங்கள். வறுத்த கடலைத் தோலும் வெல்லப்பாகும் கலந்தாற்போல் ஒரு வாசனை. மிளகாயிலிருந்து அப்படியொரு வாசனை வரும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. வரும் முன்பே நான் அதைக் கருக்கிக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது.

“மணம் வந்ததும் எடுத்துடணும். நெடி வந்துட்டா தூக்கிப் போட்டுடணும்.” ஸ்பானிஷில் அவர் சொன்னது வேறு மாதிரி. எனக்குள் பதிந்தது இப்படி.

வறுத்த மிளகாயைச் சூடான தண்ணீரில், கொதிக்கிற தண்ணீரில் அல்ல, 20 நிமிஷம் ஊறப்போட்டார். அதே கல்லில் மூன்று தக்காளி, கால் வெங்காயம், தோலுரிக்காத இரண்டு பூண்டுப் பல். பூண்டைத் தோலோடு சுடுவது எனக்குப் புதிசு. தோல் கருகும், உள்ளே பல் வெந்து வெண்ணெயாகிவிடும், பச்சை வாடை போய்விடும். ஊறின தண்ணீரை ஒரு துளி வாயில் வைத்துப் பார்க்கச் சொன்னார். கசந்தால் கொட்டிவிட வேண்டும், கசக்காவிட்டால் அரைக்கச் சேர்க்கலாம். அன்றைக்குக் கசக்கவில்லை. எல்லாவற்றையும் மிக்சியில் அரைத்து வடிகட்டினார். குவாஹீயோ தோல் முரடு, எவ்வளவு அரைத்தாலும் பல்லில் மாட்டும். கடைசியாகச் சட்டியில் ஒரு ஸ்பூன் எண்ணெய் காயவைத்து, விழுதை அதில் ஊற்றினார். சுவரெல்லாம் தெறித்தது. ஐந்து நிமிஷத்தில் நிறம் இருண்டு, எண்ணெய் ஓரத்தில் மினுங்கத் தொடங்கியதும் உப்பு. இந்த இடம் மட்டும் எனக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. குழம்பில் எண்ணெய் பிரிவதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இது தெரியாதா.

ருசி பார்த்தேன். காரம் இருந்தது, ஆனால் பின்னால் எங்கேயோ இருந்தது. முன்னால் புளிப்பும் ஒரு பழத்தனமும். மிளகாய் என்பது பழம் என்பதையே நாம் மறந்துவிட்டோமோ என்று அப்போதுதான் தோன்றியது. வீட்டில் அரை கிலோ வற்றல் வாங்கினால் ‘காரம் இருக்குமா’ என்று மட்டும் கேட்போம். மிஞ்சிப்போனால் ‘நிறம் கொடுக்குமா’. வாசனையைப் பற்றிக் கேட்டு மிளகாய் வாங்கிய ஒருத்தரையும் நான் பார்த்ததில்லை.

இங்கே சந்தையில் அதுதான் பேச்சே. குவாதலஹாராவின் நடுவில் சான் ஹுவான் தே தியோஸ் சந்தை இருக்கிறது, 1958-இல் திறந்தது, உள்ளே போனால் வெளியே வரும் வழி தெரியாத அளவு பெரிசு. அதில் மிளகாய்க் கடை என்றால் மிளகாய் மட்டும்தான். கோணி கோணியாக வாயைச் சுருட்டி வைத்திருப்பார்கள். முதல் தடவை போனபோது நான் ‘காய்ந்த மிளகாய் கால் கிலோ’ என்று கேட்டேன். கடைக்காரர் என்னைப் பார்த்த பார்வை, துணிக்கடையில் போய் ‘துணி வேணும்’ என்றவனைப் பார்க்கிற பார்வை.

ஏனென்றால் பச்சையாக இருக்கும்போது ஒரு பெயர், காய்ந்துவிட்டால் வேறு பெயர். பொப்லானோ என்கிற கொழுத்த பச்சை மிளகாய் பழுத்துக் காய்ந்தால் ஆஞ்சோ, ‘அகலமானது’. சிலாக்கா காய்ந்தால் பாசீயா. பாசா என்றால் உலர்திராட்சை, சுருங்கிக் கறுத்து அப்படித்தான் இருக்கும், மணமும் கிட்டத்தட்ட அதேதான். செடியில் சூரியனைப் பார்த்து நிமிர்ந்து நிற்பதால் மிராசோல், அது காய்ந்தால் நம் குவாஹீயோ. முதலில் இது வீண் குழப்பமாகத் தெரிந்தது. அப்புறம் யோசித்தால், இஞ்சி காய்ந்தால் நாம் சுக்கு என்கிறோம். கடையில் போய் ‘காய்ந்த இஞ்சி’ என்று கேட்கிறோமா? சுக்கு வேறு, இஞ்சி வேறு. மருந்தே வேறு. அந்த மாதிரிதான் ஆஞ்சோ வேறு, பொப்லானோ வேறு. சமையலில் ஒன்றின் இடத்தில் இன்னொன்றைப் போட மாட்டார்கள்.

குழப்பமும் இல்லாமலில்லை. மேற்குப் பக்கத்தில் சிலர் ஆஞ்சோவையே பாசீயா என்பார்கள். அதனால் பெயரை நம்பாமல் கையில் எடுத்துப் பார்ப்பதே நல்லது. வளைத்தால் தோல் மாதிரி வளைய வேண்டும். அப்பளம் மாதிரி நொறுங்கினால் பழசு. முகர்ந்தால் மணக்க வேண்டும். குண்டாக, உருண்டையாக ஒரு வகை இருக்கிறது, காஸ்காபெல். கிலுகிலுப்பை என்று அர்த்தம். ஆட்டினால் விதை உள்ளே சலசலக்கும். அதைக் கையில் எடுத்தபோது ராமநாதபுரம் குண்டு மிளகாய் நினைவுக்கு வராமல் இருக்குமா? அதுவும் இப்படித்தான் சத்தம் போடும். ருசி மட்டும் ஒத்துப்போகாது. காஸ்காபெல்லில் கொட்டை வறுத்த ருசி, காரம் சாது.

பெயர் பற்றி ஒரு விஷயம் சொல்லிவிட்டு மேலே போகிறேன். நம் ‘மிளகாய்’ மிளகிலிருந்து வந்தது. மிளகைப் போல உறைக்கிற காய். 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் கப்பலில் வந்து இறங்கிய புதுச்சரக்குக்கு, கையிலிருந்த பழைய பெயரை ஒட்டினார்கள். ஸ்பானியர்களும் அதையேதான் செய்தார்கள். மிளகுக்கு அவர்கள் மொழியில் பிமியென்தா, மிளகாய்க்கு பிமியென்தோ. ஒரே ஒரு எழுத்து வித்தியாசம். மிளகுக்கு வழி தேடிப் புறப்பட்டவர்கள் வேறு எப்படிப் பெயர் வைப்பார்கள்? மிளகை வைத்து மிளகாயைச் சொல்லவேண்டிய அவசியம் இல்லாதவர்கள் இந்த ஊர்க்காரர்கள்தான். அவர்களின் நவாட்டில் மொழியில் அது சில்லி. அந்தச் சொல்தான் ஸ்பானிஷ் வழியாக ஆங்கிலம் வரை போனது. காரத்துக்கும் சூட்டுக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல், தமிழில் தனித்தனி. ஸ்பானிஷிலும் தனித்தனி. உறைப்பது என்றால் ‘பீக்கா’, குத்துகிறது என்று பொருள். மேசையில் இருக்கிற சால்சாவைக் காட்டி ‘பீக்காவா?’ என்று கேட்டுப் பாருங்கள். ‘நோ பீக்கா’ என்பார்கள். அதை மட்டும் நம்பவே கூடாது.

சரி, புகைக்கு வருவோம்.

சிபோட்லே என்ற பெயர் இப்போது உலகமெல்லாம் தெரியும். நவாட்டிலில் சில்லி என்றால் மிளகாய், போக்ட்லி என்றால் புகை. புகைமிளகாய், அவ்வளவுதான் அர்த்தம். செடியிலேயே சிவக்கப் பழுக்கவிட்ட ஹலபேன்யோவைப் பறித்துப் புகைபோட்டுக் காயவைத்தால் சிபோட்லே. ஏன் புகை? வெயிலில் காயவைத்தால் போதாதா என்று நானும் கேட்டேன். போதாது. ஹலபேன்யோவின் சதை தடிமன். வெயிலில் போட்டால் காய்வதற்கு முன் அழுகிவிடும். குவாஹீயோ, ஆர்போல் எல்லாம் மெல்லிய தோல், நாலு வெயில் பட்டால் சருகு. தடித்த தோல்காரனுக்குத் தீயின் சூடும் புகையும் சேர்ந்து வேண்டியிருக்கிறது. கெடாமல் வைப்பதற்காகச் செய்த வேலை. ருசி இலவச இணைப்பாக வந்து ஒட்டிக்கொண்டு, கடைசியில் அதுவே பிரதானமாகிவிட்டது. மோர் மிளகாய் கதையும் ஏறக்குறைய இதேதான் என்று நினைக்கிறேன்.

இது ஸ்பானியர் வருவதற்கு முன்பே இருந்த பழக்கம். பெர்னார்தீனோ தே சஹாகூன் என்கிற பிரான்சிஸ்கன் துறவி 1529-இல் இங்கே வந்து, ஆயுள் முழுக்க இருந்து, நவாட்டில்காரர்களின் வாழ்க்கையை அவர்கள் மொழியிலேயே எழுதவைத்தார். 1577-இல் முடிந்த அந்தத் தொகுப்புக்கு இப்போது புளோரன்ஸ் சுவடி என்று பெயர். அதன் பத்தாவது புத்தகத்தில் சந்தை வியாபாரிகள் வரிசையாக வருகிறார்கள். மிளகாய் விற்பவர் என்னென்ன வைத்திருப்பார் என்ற பட்டியலில் அகல மிளகாய், மஞ்சள் மிளகாய், மர மிளகாய் எல்லாவற்றோடும் புகைபோட்ட மிளகாயும் இருக்கிறது. இன்னும் ருசிகரமானது அதற்கு அடுத்த வரிகள். மோசமான மிளகாய்க்காரர் யார் என்று சொல்கிறது. நாற்றமடிக்கும் கெட்ட மிளகாயை விற்பவர், ஈரமண்ணில் விளைந்த உறைப்பில்லாத சப்பை மிளகாயை விற்பவர், முற்றாததை விற்பவர். 450 வருஷம் ஆகிறது. இந்தப் புகார் எந்தச் சந்தையில் இன்றைக்கும் காதில் விழாமல் இருக்கிறது?

சிபோட்லேயில் இரண்டு சாதி. மொரீத்தா சின்னது, கருஞ்சிவப்பு, லேசாகப் பளபளக்கும். மல்பெரிப் பழத்தை வைத்து வந்த பெயர். அதிக நேரம் புகையில் இருக்காததால் பழத்தின் இனிப்பு மிச்சமிருக்கும். மேக்கோ பெரிசு. நாள்கணக்கில் புகை தின்று, சாம்பல் பூத்த பழுப்பில், பழைய செருப்புத்தோல் மாதிரி சுருங்கிக் கிடக்கும். பார்த்தால் வாங்கத் தோன்றாது. முகர்ந்தால் வைக்க மனம் வராது. என் கடைக்காரரிடம் மொரீத்தா எப்போதும் கிடைக்கும். மேக்கோ வந்தால் வரும், விலையும் கூடுதல். பத்து கிலோ பழத்தில் ஒரு கிலோ சிபோட்லே தேறும் என்பது பொதுவான கணக்கு. டின்னில் வருகிற, வினிகரும் தக்காளியும் சேர்த்த சிபோட்லே பெரும்பாலும் மொரீத்தா. அவசரத்துக்கு அதுவும் நல்லதுதான், நான் பழி சொல்ல மாட்டேன்.

நானே புகைபோட்டுப் பார்த்த கதையையும் சொல்லிவிட வேண்டும். சிவந்த ஹலபேன்யோ 2 கிலோ கிடைத்தது. மொட்டைமாடியில் மூடிபோட்ட கரியடுப்பு ஒன்று இருந்தது. கட்டைக்கு மெஸ்கித்தே. பெயர் பெரிசாக இருக்கிறதே என்று பார்க்காதீர்கள், நம் ஊர் சீமைக்கருவேலத்தின் சொந்தம் அது. ராமநாதபுரத்தில் நாம் வெட்டி ஒழிக்க நினைக்கிற மரத்தின் பங்காளியை இங்கே இறைச்சி சுடுவதற்கென்றே காசு கொடுத்து வாங்குகிறார்கள். கரியை ஒரு ஓரமாகத் தள்ளி, மறு ஓரத்தில் கம்பிவலைமேல் மிளகாயை முழுசாக அடுக்கி, 6 மணி நேரம் உட்கார்ந்தேன். வெளியே அழகாகச் சுருங்கி, நிறம் இருண்டு, அப்படியொரு வாசம். வெற்றி என்று ஜாடியில் போட்டு மூடினேன்.

நாலாவது நாள் திறந்தால் வெள்ளையாகப் பூசணம். தோல் காய்ந்திருந்ததே தவிர உள்ளே ஈரம் அப்படியே இருந்திருக்கிறது. நிலத்தில் குழி வெட்டி, மேலே தட்டி போட்டு, நாள்கணக்கில் கிளறிவிட்டுப் புகைபோடுகிறவர்கள் முட்டாள்களா என்ன? அடுத்த தடவை நீளவாக்கில் இரண்டாக வெட்டினேன். மாடியில் 4 மணி நேரம் புகை. பிறகு ஓவனில் 70 டிகிரியில், கதவைக் கொஞ்சம் திறந்து வைத்து ராத்திரி முழுக்க. காலையில் காய்ந்து கறுத்து 200 கிராம் சொச்சம் நின்றது. மேக்கோவும் இல்லை, மொரீத்தாவும் இல்லை. ஆனாலும் புகைமிளகாய். தலையணை உறை வரை ஒரு வாரம் மணந்தது.

அரைப்பது பற்றிச் சொல்ல வேண்டும். மொல்காஹேத்தே என்பது எரிமலைப் பாறையில் குடைந்த மூன்று கால் கல்லுரல். குழவிக்கு தெஹொலோத்தே என்று பெயர், கைக்கு அடங்குகிற அளவு. குவாதலஹாராவுக்குப் பக்கத்தில் கஹித்தித்லான் ஏரிக்கரையில் சான் லூக்காஸ் எவாஞ்செலிஸ்தா என்றொரு ஊர், அங்கே இந்தக் கல்வேலைதான் தொழில். பன்றித்தலை வைத்த உரல்களாக அடுக்கி வைத்திருப்பார்கள். சிமெண்டில் வார்த்த போலியும் சந்தையில் உண்டு, விலை மலிவாக இருந்தால் சந்தேகப்படுங்கள். நான் வாங்கியபோது கொத்துகிறவரிடம் “எப்படிப் பழக்கணும்?” என்று கேட்டேன். ஊறாத அரிசியைப் போட்டு அரைத்துக் கொட்டு, மாவு சாம்பல் நிறமில்லாமல் வெள்ளையாக வருகிற வரை அரை, கடைசியில் பூண்டும் கல்லுப்பும் போட்டு ஒரு தடவை அரைத்துக் கழுவு என்றார். புது அம்மியைக் கொத்தியதும் ஆச்சி அரிசியையும் தவிட்டையும் அரைத்துக் கொட்டியது நினைவிருக்கிறது. எனக்கு ஆறு ஈடு அரிசி போனது, தோள்பட்டையும் போனது.

கல்லில் அரைத்தால்தான் சால்சா என்று சத்தியம் பண்ணுகிறவர்களை நம்ப வேண்டாம். சென்யோரா வார நாளில் மிக்சிதான். உரல் ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும். ஆனால் வித்தியாசம் இருக்கிறது. மிக்சி வெட்டும், காற்றைச் சேர்க்கும், விதையையும் நொறுக்கிக் கசப்பைக் கிளப்பும். கல் நசுக்கும். தோல் ஒரு பக்கம், சாறு ஒரு பக்கம் என்று கரகரப்பாக நிற்கும். புகைமிளகாய் சால்சாவுக்கு நான் கல் கட்சி.

நான் அதிகம் பண்ணுவது மொரீத்தா சால்சா. அதற்குத் தக்காளி உதவாது, தொமாத்தீயோ வேண்டும். இந்த ஊரில் அதற்குப் பெயர் வெறும் தொமாத்தே. சிவப்புத் தக்காளி ஹிதொமாத்தே. இது தெரியாமல் முதல் மாதம் ‘தொமாத்தே’ கேட்டு வாங்கிய பச்சை உருண்டைகளை ரசத்தில் போட்டதை இங்கே விவரிக்க விரும்பவில்லை. உருண்டையைச் சுற்றிக் காகிதம் மாதிரி உறை இருக்கும். அதைப் பார்த்ததுமே தெரிந்திருக்க வேண்டும், இது நம் சொடக்குத் தக்காளியின் சாதி. சின்ன வயதில் வேலியோரத்தில் பறித்து நெற்றியில் அடித்து வெடிப்போமே, அதேதான், எலுமிச்சை அளவுக்கு வளர்ந்தால் எப்படி இருக்கும், அப்படி. உறையை உரித்தால் தோல் பிசுபிசுக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவினால் போய்விடும்.

300 கிராம் தொமாத்தீயோ, நாலு மொரீத்தா, இரண்டு பூண்டு, அரை ஸ்பூன் கல்லுப்பு. இவ்வளவுதான். தோசைக்கல்லைக் காயவைத்துத் தொமாத்தீயோவைக் காம்புப் பக்கம் கீழே இருக்கும்படி வைக்கிறேன். பூண்டு தோலோடு ஓரத்தில். பளிச்சென்ற பச்சை மெதுவாக மங்கி, காய்ந்த இலைப் பச்சையாகும். அங்கங்கே கரும்புள்ளி விழும். திருப்பிப்போட்டு, தொட்டால் தண்ணீர்ப் பை மாதிரி குழைகிற வரை விடணும், ஆனால் வெடிக்கவிடக் கூடாது. வெடித்தால் சாறெல்லாம் கல்லுக்குப் போய்விடும். எடுத்து ஒரு கிண்ணத்தில் மூடி வைத்துவிட்டு, மொரீத்தா. சூடு பட்டதும் சின்னதாக உப்பும். உப்பின உடனே எடுத்துவிட வேண்டும். ஏற்கெனவே புகை குடித்த மிளகாய், இதற்குமேல் இதற்குத் தீ தேவையில்லை. 15 நிமிஷம் வெந்நீரில்.

உரலில் முதலில் உப்பும் பூண்டும். உப்பு அரத்தின் வேலையைச் செய்யும், பூண்டு மைபோல் ஆகிவிடும். அப்புறம் மிளகாய். கைக்கு வேலை இங்கேதான். தோல் மழுங்கி, கருஞ்சிவப்புச் சேறாகிற வரை அரைக்கணும். தொமாத்தீயோவை ஒவ்வொன்றாகத்தான் போடணும். மொத்தமாகக் கொட்டினால் சட்டையில்தான் சால்சா. கடைசியில் ஊறின தண்ணீரில் இரண்டு ஸ்பூன். உடனே சாப்பிட்டால் நீர்த்தாற்போல் இருக்கும். தொமாத்தீயோவில் பெக்டின் இருப்பதால் குளிர்ந்ததும் கூழாக இறுகிக்கொள்ளும். ஃபிரிட்ஜில் வைத்துக் கட்டியானால் கெட்டுப்போய்விட்டது என்று கொட்டிவிடாதீர்கள்.

ஆர்போல் மேல் எனக்குப் பழைய கோபம் இருந்தது. தீர்த்துவைத்தது தோர்த்தா அஓகாதா. மேலோடு கெட்டியான பிரோத்தே ரொட்டிக்குள் வறுத்த பன்றிக்கறியை வைத்து, தக்காளிச் சாற்றில் அப்படியே முக்கித் தருவார்கள். ‘மூழ்கிய ரொட்டி’ என்றே பெயர். பக்கத்தில் ஆர்போல் சால்சா, வினிகர் சேர்த்தது. பாதி முக்கு, முழுசாக முக்கு என்று சொல்லி வாங்கணும். அந்தச் சால்சாவுக்கு ஹலிஸ்கோவின் யாவாலிக்கா ஆர்போல்தான் சிறப்பு என்பார்கள். 2018-இல் அந்த மிளகாய்க்கு ஊர்ப்பெயர் உரிமையும் கிடைத்தது, நம் ஊர் புவிசார் குறியீடு மாதிரி. காரம் பட்டென்று ஏறி, பட்டென்று இறங்கிவிடும். கருக்காமல் பண்ணினால் ஆர்போலிலும் புல் வாசனை மாதிரி ஒன்று இருக்கிறது. அதற்கு எனக்கு இரண்டு வருஷம் பிடித்தது.

வஹாக்காவுக்கு ஒரு தடவை போனபோது பாசீயா மிஹே வாங்கினேன். மிஹே மக்கள் மலையில் விளைவித்து, விறகுத் தீயில் புகைபோட்டு இறக்குகிற மிளகாய். பெரிசாக இருப்பதை ஊறவைத்து, உள்ளே அடைத்துப் பொரிப்பார்கள். சின்னதெல்லாம் சால்சாவுக்கு. சிபோட்லேயின் புகை கரியடுப்பு என்றால் இதன் புகை கிராமத்து விறகடுப்பு. வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. பேருந்தில் பையை மடியில் வைத்திருந்தேன். பக்கத்து சீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டே “மிஹே” என்றார்.

பேராக்ரூஸ் பக்கத்து சால்சா மாச்சாவைப் பற்றித் தனியாகவே எழுதலாம். காய்ந்த மிளகாய், வேர்க்கடலை, எள், பூண்டு எல்லாம் எண்ணெயில் பொரித்து, அந்த எண்ணெயோடேயே அரைப்பது. கேட்டதும் உங்களுக்கு என்ன தோன்றுகிறதோ அதுதான் எனக்கும் தோன்றியது. மொரீத்தா போட்டுப் பண்ணி இட்லிக்குத் தொட்டுக்கொண்டேன். இதற்குமேல் சொன்னால் மெக்சிகோக்காரர்களும் அடிக்க வருவார்கள், நம்மவர்களும் அடிக்க வருவார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை மொரீத்தா சால்சா கொஞ்சம் அதிகமாகவே அரைத்துவிட்டேன். ஒரு கிண்ணத்தில் போட்டுக் கீழே கொண்டுபோய்க் கொடுத்தேன். சென்யோரா வாங்கி, மூடியைத் திறந்து முகர்ந்து, ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார். சாயங்காலம் வரை சத்தமில்லை. ஏழு மணிக்குக் கதவு தட்டப்பட்டது. கழுவித் துடைத்த கிண்ணத்தை நீட்டினார். உள்ளே மூன்று மேக்கோ, சாம்பல் பூத்து, நல்ல கனமாக.

“உப்பு பத்தலை மிஹோ” என்றார். மிஹோ என்றால் ‘மகனே’. “அடுத்த தடவை இதைப் போட்டுப் பண்ணு.”

ஹோவன் எப்போது மிஹோ ஆனேன் என்று படியிறங்கிப் போனவரைக் கூப்பிட்டுக் கேட்கவில்லை. கல்லை அடுப்பில் வைத்தேன்.